கண்ணில் பூ விழுவது ஏன்? காக்க வந்த படையே காயப்படுத்தும்போது

'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு தழும்பு படிந்திருக்கும். அதன் வழியே ஒளி சரியாக உள்ளே போகாது. வலி போய், சிவப்பு போய், கிருமியும் எப்போதோ செத்துப்போயிருக்கும். ஆனால் பார்வை மட்டும் திரும்பியிருக்காது.

'கிருமி கண்ணைத் தின்றுவிட்டது' என்பதுதான் இதற்கு நாம் பொதுவாகச் சொல்லும் காரணம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. கிருமியை அழிப்பதற்காக அல்லாஹ் நம் உடலுக்குள் வைத்திருக்கும் பாதுகாப்புப் படை, தன் வேலையைச் செய்யும்போதே கண்ணின் திசுவையும் சேர்த்துச் சிதைத்துவிடுகிறது. பல நோயாளிகளுக்குப் பார்வை போவதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, அந்தப் படைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இதை நாம் எழுதக் காரணம் இருக்கிறது. புதுச்சேரியிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் கண் சிவந்தால் நேராக மருந்துக்கடைக்குப் போய், 'சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து கொடுங்க பாய்' என்று கேட்டு வாங்கும் பழக்கம் சாதாரணமாகிவிட்டது. சிவப்பு ஏன் வருகிறது, அதை அடக்கினால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். நாம் மருத்துவம் படித்தவரல்ல. மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதி வைத்திருப்பதைக் குடும்பங்களுக்குப் புரியும்படி சொல்வதும், அதையொட்டி எழும் மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும்தான் இங்கே நம் வேலை.

இரத்தம் இல்லாத இடம்

கருவிழி என்று நாம் சொல்லும் அந்த வட்டத்தின் முகப்பில், கைக்கடிகாரத்துக்குக் கண்ணாடி போட்டதுபோல ஒரு தெளிவான படலம் இருக்கிறது. நடுவில் அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். உடலின் பெரும்பாலான பகுதிகளில் இரத்தக்குழாய் ஓடும். இதில் ஓடாது. ஓடினால் சிவப்பு நூல்கள் குறுக்கே நின்று பார்வையை மறைக்கும். இந்தப் படலத்துக்கு வேண்டிய பிராணவாயுவின் பெரும்பகுதி வெளிக்காற்றிலிருந்து கண்ணீரில் கரைந்து வருகிறது.

படலத்தின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. அதே கொலாஜன்தான் நம் தோலிலும் தசைநாணிலும் இருக்கிறது. ஆனால் தோல் வழியே பார்க்க முடியாது, இதன் வழியே பார்க்க முடிகிறது. என்ன வித்தியாசம்? கருவிழியில் அந்த இழைகள் எல்லாம் ஒரே பருமனில், ஒரே இடைவெளியில், தேர்ந்த நெசவாளி பாவு பூட்டியதுபோல அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்குதான் ஒளியைச் சிதறாமல் உள்ளே விடுகிறது. ஒழுங்கு குலைந்தால் அதே இழை வெள்ளையாகத் தெரியும். பூ விழுவது என்பது இதுதான். எங்கிருந்தோ புதிதாக ஒரு பொருள் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. இருந்த நெசவு கலைந்துவிட்டது. சூரத்துல் பலதில் தான் மனிதனுக்கு இரு கண்களைக் கொடுத்திருப்பதை அல்லாஹ் நினைவூட்டும் இடத்தை ஓதும்போதெல்லாம், அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும் இந்த நெசவு நம் நினைவுக்கு வரும்.

இரத்தம் ஓடாத இடம் என்றால் இரத்தத்தோடு வரும் வெள்ளை அணுக்களும் அங்கே நிரந்தரமாக நிறைய இருக்காது என்று பொருள். அப்படியானால் திறந்த வாசல்போல் வெளியே நிற்கும் கண்ணை யார் காக்கிறார்?

முதல் காவல் கண்ணீர். இமைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணீர் கருவிழியைக் கழுவித் துடைக்கிறது. அது வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற பொருள் அதில் இருக்கிறது. பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்தான் 1922-ல் லைசோசைமைப் பற்றி முதலில் எழுதினார். ஆய்வுக்குக் கண்ணீர் வேண்டும் என்பதற்காக உடன் வேலை செய்தவர்களின் கண்ணில் எலுமிச்சைச் சாறு பிழிந்து கண்ணீர் எடுத்தாராம்! பாக்டீரியாவுக்கு வேண்டிய இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடும் லாக்டோஃபெரின், கிருமியைக் கண்ணோடு ஒட்டவிடாத எதிர்ப்பொருள்கள் என்று இன்னும் பல அதில் உண்டு. அதற்கும் அடியில் கருவிழியின் மேல்தோல் செல்கள் இடைவெளி இல்லாமல் பூட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்தத் தோல் முழுசாக இருக்கும்வரை, ஒருசிலவற்றைத் தவிர எந்தப் பாக்டீரியாவும் உள்ளே நுழைய முடியாது.

கீறல் விழுந்தால் கதை மாறிவிடும். நெற்கதிரின் சுணை, கரும்புத் தோகை, வெல்டிங் பட்டறைத் தூள், பிள்ளையின் நகம், கான்டாக்ட் லென்ஸை அழுத்தி எடுத்தபோது ஏற்பட்ட உராய்வு என்று கீறல் எதனால் வேண்டுமானாலும் விழலாம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்றே மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குப் புண்ணுக்கு முன் கண்ணில் அடிபட்டோ கீறியோ இருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குப் பாக்டீரியா, கிட்டத்தட்ட அதே அளவு பேருக்குப் பூஞ்சை. இந்தப் பாதிக்குப் பாதி கணக்கை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். மருந்துக்கடை விஷயத்துக்கு வரும்போது தேவைப்படும்.

முள்ளும் படையும்

1882-ல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த மெச்னிகோவ் என்ற ரஷ்ய அறிஞர், கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் முற்றுகையிட்டு நின்றன. அந்நியப் பொருளைத் தேடிப்போய் விழுங்கும் செல்கள் உடலுக்குள் இருக்கின்றன என்பது அங்கிருந்துதான் தெளிவானது. பின்னர் அவர் பாரீஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பல்லாண்டுகள் வேலை செய்தார், 1908-ல் நோபல் பரிசும் பெற்றார். நம் ஊருக்கும் பிரெஞ்சு மருத்துவத்துக்கும் பழைய உறவு உண்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசுதான் இன்றைய ஜிப்மர்.

தெளிவான குஞ்சில் முள், தெளிவான கருவிழியில் சுணை. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். கீறல் வழியே பாக்டீரியா ஒட்டிக்கொண்டதும் கருவிழியின் செல்கள் அதை அடையாளம் காண்கின்றன. பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் கொழுப்புச் சர்க்கரையையும் அது நீந்தப் பயன்படுத்தும் வாலையும் தொட்டு உணரும் உணர்விகள் அந்தச் செல்களில் இருக்கின்றன. உணர்ந்தவுடன் அவை அபாயச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி இரசாயனப் பொருள்களாகப் பரவி, கருவிழியின் ஓரத்தில் இருக்கும் இரத்தக்குழாய்களை எட்டுகிறது. குழாய்கள் விரிகின்றன. கண் சிவப்பது இதனால்தான். விரிந்த குழாய்களிலிருந்து நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளை அணுக்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேறி, இரத்தமே இல்லாத அந்தத் தெளிந்த படலத்துக்குள் ஊர்ந்து நுழைகின்றன.

கருவிழியில் திடீரென்று தெரியும் அந்த வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் இவைதான். நாம் கிருமி என்று நினைத்து அஞ்சுவது கிருமியைத் தேடிவந்த காவலர்களின் கூட்டம். சிலருக்குக் கருவிழிக்குப் பின்னால், கண்ணின் அடிப்பாகத்தில் வெள்ளையாகச் சீழ் தேங்கி ஒரு கோடுபோல் நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும். கருவிழி ஓட்டையாகாத வரையில் அந்தச் சீழிலும் பெரும்பாலும் உயிருள்ள கிருமி இருக்காது, வெள்ளை அணுக்களே இருக்கும்.

நியூட்ரோஃபில் மூன்று விதத்தில் போரிடுகிறது. கிருமியை விழுங்கிக் கொல்லும். விழுங்க முடியாவிட்டால் தன்னிடமுள்ள அரிக்கும் பொருள்களை வெளியே கொட்டும். அதுவும் போதாவிட்டால் தன் சொந்த மரபுப்பொருளையே வலைபோல் விரித்துக் கிருமியைச் சிக்கவைத்துத் தானும் சாகும். முதல் முறையால் கண்ணுக்குச் சேதம் குறைவு. அடுத்த இரண்டிலும்தான் சிக்கல். கொட்டப்படும் பொருள்களில் கொலாஜனை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. திசுவுக்குள் வழி செய்துகொண்டு முன்னேறப் படைக்கு அவை தேவை. ஆனால் அந்த நொதிக்குக் கிருமியின் உடல் எது, கருவிழியின் நெசவு எது என்று தெரியாது. இரண்டையும் வெட்டும்.

இதோடு கிருமியும் தன் பங்குக்கு வெட்டுகிறது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கருவிழிப் புண்ணில் மிகவும் அஞ்சப்படுவது. அது தானே திசுவைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது, படையையும் வெறியேற்றுகிறது. இரண்டு தரப்பும் சேர்ந்து கரைத்தால் ஓரிரு நாளில் கருவிழியில் ஓட்டை விழுந்துவிடும். திங்கட்கிழமை கண் உறுத்தியது, வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனோம் என்று சொல்லும் குடும்பங்களுக்கு இந்த வேகம் தெரிவதில்லை.

போர் முடிந்த பின்னும் சேதம் முடிவதில்லை. வெட்டுப்பட்ட இடத்தை நிரப்பப் பழுதுபார்க்கும் செல்கள் வருகின்றன. அவை அவசரமாக நெய்கின்றன. பழைய ஒழுங்கில் நெய்ய அவற்றுக்கு நேரமில்லை. ஓட்டை விழாமல் அடைத்தாகவேண்டும், அவ்வளவுதான். அந்த ஒட்டுப்போட்ட இடமே பூ. தழும்பு விழியின் ஓரத்தில் விழுந்தால் பார்வை பிழைத்துக்கொள்ளும். நேர் நடுவில் விழுந்தால் போய்விடும்.

'அப்படியானால் இந்தப் படை இல்லாமலிருந்தால் நல்லதல்லவா?' என்று கேட்கத் தோன்றும். எலிகளில் செய்த ஒரு சோதனை அதற்குப் பதில் சொல்கிறது. 2019-ல் வெளியான அந்த ஆய்வில், கண்ணில் சூடோமோனாஸ் தொற்றிய எலிகளின் நியூட்ரோஃபில்கள் விரித்த வலை, கிருமிக் கூட்டத்தைக் கண்ணின் மேற்பரப்பிலேயே சுவர் எழுப்பியதுபோல் அடைத்து நிறுத்தியது. அந்த வலை உருவாகாமல் தடுத்தபோது கிருமி மூளைவரை போய்விட்டது. கண்ணைக் கொடுத்து உயிரைக் காப்பது என்ற பேரம் அங்கே நடக்கிறது. படை தவறு செய்கிறது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தன்னிடமுள்ள ஆயுதத்தைக் கொண்டு, தன்னால் முடிந்ததைச் செய்கிறது.

படையை அடக்கலாமா?

மருத்துவர்களுக்குப் பல காலமாக ஒரு கேள்வி இருந்தது. ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கிருமியைக் கொன்றுவிட்டு, கூடவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்துப் படையின் கோபத்தைத் தணித்தால் தழும்பு குறையுமே! ஸ்டீராய்டு செய்வது அதைத்தான். அபாயச் செய்தியை அடக்கும், சிவப்பையும் வீக்கத்தையும் குறைக்கும், வெள்ளை அணுக்கள் திரள்வதைத் தடுக்கும். ஆனால் கிருமி இன்னும் சாகாமல் இருந்தால்? காவலர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்ததாகிவிடும். மருத்துவர்கள் இரு கட்சியாக இருந்தார்கள்.

இந்தக் கேள்விக்கு உலகமே எதிர்பார்த்த பதில் பெரும்பாலும் நம் தமிழ் மண்ணிலிருந்துதான் போயிற்று. மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்காவின் சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2006 முதல் 2010 வரை 500 நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தன. எல்லாருக்கும் பாக்டீரியாப் புண் என்று ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்யப்பட்டிருந்தது. எல்லாருக்கும் முதல் 48 மணி நேரம் ஆன்டிபயாட்டிக் சொட்டு. பிறகு பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

2012-ல் வந்த முடிவு இரு கட்சிக்கும் முழு வெற்றி தரவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மொத்தத்தில் இரு பிரிவினரின் பார்வையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே பார்வை மிக மோசமாக இருந்தவர்களுக்கு, விரல்களை எண்ணுவதே சிரமமாக இருந்தவர்களுக்கு, ஸ்டீராய்டு ஓரளவு உதவியது. நோகார்டியா என்ற ஒரு வகைப் பாக்டீரியா இருந்தவர்களுக்கோ அது கெடுதல் செய்தது. அதாவது எந்தக் கிருமி, எவ்வளவு தீவிரம், எப்போது தொடங்குவது என்ற மூன்றும் தெரிந்தால்தான் ஸ்டீராய்டைத் தொடவேண்டும். அதுவும் கண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகு.

இப்போது மருந்துக்கடைக்கு வருவோம். கண் சிவப்புக்கென்று கேட்டால் கிடைக்கும் சொட்டு மருந்துகளில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்தவை உண்டு. வீட்டில் யாருக்கோ கண் அறுவைக்குப் பின் கொடுத்து மிச்சமிருக்கும் புட்டியும் பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். அதைப் போட்டால் மறுநாளே சிவப்பு குறையும். 'மருந்து பிடித்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்' என்று நினைப்போம். குறைந்தது சிவப்பு மட்டுமே. உள்ளே இருப்பது பூஞ்சையாக இருந்தால், நம் பகுதியில் அதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று மேலே பார்த்தோம், அந்த ஆன்டிபயாட்டிக் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டோ பூஞ்சையைத் தடுத்து நின்ற படையையும் கலைத்துவிடும். பூஞ்சைக்கு மருந்தே வேறு. நாட்டாமைசின், வோரிகோனசோல் என்ற இரண்டில் எது மேல் என்று பார்த்த ஆய்வு நடந்த இடங்களில் நம் புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனையும் ஒன்று. 2013-ல் வெளியான முடிவு பழைய நாட்டாமைசினுக்கே சாதகமாக வந்தது.

'மெட்ராஸ் ஐ' பருவத்தில் ஊரே கண் சிவந்து திரிகிறதே, அதற்கெல்லாம் மருத்துவமனைக்குப் போகவேண்டுமா என்று கேட்கலாம். அது பெரும்பாலும் வைரஸால் வெண்விழியின் மேல்தோலில் வருவது, தானே ஆறிவிடும். ஆனால் கண்ணில் ஏதோ பட்டபின் வந்த சிவப்பு, கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி என்று இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகவேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடும் பிள்ளைகளுக்குச் சிவப்பு வந்தாலே போதும், லென்ஸைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும். லென்ஸ் போடுபவர்களைத் தாக்கும் பாக்டீரியாக்களில் முன்னால் நிற்பது அந்தச் சூடோமோனாஸ்தான். நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு வலி குறைவாகத் தெரியலாம் என்பதையும் பிள்ளைகள் கவனிக்கவேண்டும்.

சொட்டு மருந்துப் புட்டியே கிருமியைக் கொண்டுவந்த சம்பவமும் உண்டு. 2022-23-ல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து போட்டுக்கொண்ட பலருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் தொற்றியது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டதாகவும், 4 பேர் இறந்ததாகவும், 14 பேர் பார்வை இழந்ததாகவும், 4 பேருக்குக் கண்ணையே எடுக்கவேண்டி வந்ததாகவும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் கணக்கிட்டது. அந்த மருந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள ஓர் ஆலையில் தயாரானது. புட்டி நுனியைக் கண்ணிலோ இமையிலோ படவிடாதீர்கள், ஒருவர் புட்டியை இன்னொருவர் பயன்படுத்தாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கும் இதே கிருமிகள்தான் காரணம்.

கிருமி போன பின்பும் தொடரும் தழும்பு

படையால் வரும் சேதத்துக்கு இன்னொரு பெரிய உதாரணம் டிரக்கோமா. கிளமிடியா என்ற பாக்டீரியா சிறுவயதில் மேலிமையின் உட்புறத்தில் தொற்றும். ஒருமுறை வந்து போனால் ஒன்றுமில்லை. நெருக்கடியான, தண்ணீர்ப் பஞ்சமான வீடுகளில் அது திரும்பத் திரும்பத் தொற்றும். ஒவ்வொரு முறையும் வெள்ளை அணுக்கள் திரண்டு இமையின் உட்புறத்தைத் தழும்பாக்கும். ஆண்டுகள் பல சென்று அந்தத் தழும்பு இமையை உள்நோக்கி இழுக்கும். இமை முடிகள் ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியைக் கீறும். அந்த வயதில் கிருமியைத் தேடினால் கிடைக்காமலே போகலாம், தழும்பு மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். 1960-களில் இதற்குத் தடுப்பூசி செய்து பார்த்தார்கள். சில சோதனைகளில் ஊசி போட்டவர்களுக்குப் பின்னர் தொற்றியபோது நோய் இன்னும் கடுமையாக வந்ததாகத் தெரிந்து, முயற்சி நின்றுபோனது. படைக்குப் பயிற்சி கொடுத்தால் சேதமும் கூடலாம் என்ற பாடம் அது.

முஸ்லிம் நாடுகள் பலவற்றை வாட்டிய நோய் இது. உலக சுகாதார நிறுவனத்தின் சான்றை 2012-ல் முதலில் பெற்றது ஓமன், 2016-ல் மொராக்கோ. 2024 அக்டோபரில் இந்தியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது, பாகிஸ்தானும் அதே ஆண்டில். மருந்தோடு முகம் கழுவுவதும் இந்த ஒழிப்புத் திட்டத்தின் ஓர் அங்கம். உடனே 'ஐந்து வேளை உளூ செய்பவனுக்கு இது வராது' என்று மேடையில் முழங்கிவிடக் கூடாது. உளூவுக்கே தண்ணீர் கிடைக்காத பாலைவன ஊர்களில்தான் அது அதிகம் பரவியது.

கருவிழியைத் தாண்டிக் கண்ணின் உள்ளே, விழித்திரைவரை பாக்டீரியா போனால் நிலைமை இன்னும் அவசரம். விழித்திரையின் ஒளி உணரும் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி வளராது. கண்புரை அறுவைக்குப் பின் அரிதாக இது நேரும். அறுவை முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்ஸசின் செலுத்தும் முறையை அரவிந்த் மருத்துவமனைகள் கடைப்பிடித்தபோது, ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளில் இந்தத் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்ததாக 2017-ல் வெளியிட்டார்கள். புரை அறுவை செய்துகொண்ட அத்தாவுக்கோ உம்மாவுக்கோ சில நாட்களில் திடீரென வலியும் மங்கலும் வந்தால் அடுத்த சோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது.

மார்க்கக் கேள்விகள்

கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் எடுப்பது, எச்சில் தடவுவது சில வீடுகளில் இன்னும் உண்டு. கைபரில் அலீ (ரலி) அவர்களுக்குக் கண்நோய் கண்டபோது நபி (ஸல்) அவர்கள் தங்கள் உமிழ்நீரைத் தடவி துஆச் செய்ய, அது குணமான செய்தியை இதற்கு ஆதாரமாகச் சொல்வோரும் உண்டு. அது நபிக்கு அல்லாஹ் அளித்த முஃஜிஸா. நம் வாயிலிருப்பது பாக்டீரியா. கருவிழிப் புண்ணில் மதுரை ஆய்வில் அதிகம் கண்ட நிமோகாக்கஸ், மனிதர்களின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருப்பது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் என்று கீறல்பட்ட கண்ணில் எதை ஊற்றினாலும் இதே பயம்தான். நோய் எதற்கும் மருந்தில்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்ற நபிமொழியின் கருத்து, அந்த மருந்தைத் தேடிப்போகச் சொல்கிறது.

சுர்மா இடுவது ஸுன்னத் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நபிமொழியில் வரும் இஸ்மித் கல்லைத்தான் நாம் வாங்குகிறோமா என்பதுதான் கேள்வி. கடைகளில் சுர்மா என்று விற்பதில் ஈயம் இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே குச்சியால் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடுவது ஒருவர் கண்ணிலிருப்பதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். கண்ணில் புண்ணோ சிவப்போ இருக்கும்போது சுர்மாவே வேண்டாம்.

உளூவில் முகம் கழுவுவது ஃபர்ளு. கண்ணின் உள்ளே தண்ணீர் செலுத்துவது ஃபர்ளு இல்லை. ஆகவே லென்ஸ் உளூவையோ குளிப்பையோ தடுக்காது. ஆனால் குழாய்த் தண்ணீர் லென்ஸுக்கு ஆகாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு முகம் கழுவுவது நல்லது. கண்ணுக்கு மருந்திட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ஹனஃபி முறைப்படி மற்ற உறுப்புகளைக் கழுவி அந்த இடத்தை ஈரக்கையால் தடவலாம், அதுவும் தீங்கென்றால் விட்டுவிடலாம். ஷாஃபிஈ முறைப்படி இயன்ற இடத்தைக் கழுவி, கழுவாத இடத்துக்காகத் தயம்மும் செய்யவேண்டும். இரண்டிலும் கண்ணைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை.

ரமளானில்தான் அதிகம் கேட்கிறார்கள். கருவிழிப் புண்ணுக்கு முதல் இரண்டு நாளாவது மணிக்கொரு முறை, இரவிலும் எழுந்து சொட்டு போடவேண்டியிருக்கும். காரணம் எளிது. அந்தப் படலத்துக்கு இரத்தம் வராது. கண்ணீரோ மருந்தைச் சில நிமிடங்களில் கழுவிவிடும். நோன்பு முறிந்துவிடுமோ என்று பகலில் நிறுத்தினால் அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரமும் கிருமிக்கும் படைக்குமான போர் கட்டுப்பாடில்லாமல் நடக்கும். கண் வழியே வயிற்றுக்குத் திறந்த வழி இல்லை என்பதால், தொண்டையில் சுவை தெரிந்தாலும் நோன்பு முறியாது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலை. மாலிக்கி, ஹன்பலி அறிஞர்கள் தொண்டையை அடைந்தால் முறியும் என்றிருக்கிறார்கள். 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. பேணுதல் விரும்புபவர் சொட்டு போட்டதும் மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தை விரலால் ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும். மருந்தும் கண்ணில் கூடுதல் நேரம் நிற்கும் என்பதால் மருத்துவர்களே இதைச் சொல்கிறார்கள். வலியும் காய்ச்சலுமாக இருப்பவருக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகை எப்படியும் இருக்கிறது.

கருவிழி ஓட்டையாகி ஒட்டியிருந்தாலோ, அறுவை நடந்திருந்தாலோ, குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லலாம். ருகூவும் ஸஜ்தாவும் இல்லாமல் எப்படித் தொழுவது என்று முதியவர்கள் கலங்குகிறார்கள். சிலர் மருத்துவரிடம் தலையாட்டிவிட்டு வந்து பள்ளியில் வழக்கம்போல் ஸஜ்தா செய்கிறார்கள். இது புதுக் கேள்வி அல்ல. நிற்க முடிந்த ஒருவருக்குக் கண்நோய் இருந்து, படுத்துக்கொண்டு தொழுதால் குணமாகும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் அப்படித் தொழலாமா என்று நம் ஃபிக்ஹு நூல்களே கேட்டு விவாதிக்கின்றன. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இரு கருத்துகளையும் எடுத்துக்காட்டி, தொழலாம் என்பதையே மிகச் சரியானது என்கிறார்கள். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்து, மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் தலையை அசைத்துச் சைகையால் தொழுதால் தொழுகை நிறைவேறிவிடும். குணமான பின் அவற்றைத் திருப்பித் தொழவேண்டியதில்லை.